டிஸ்ப்ளே செத்துப்போன, லாக் போட்ட போன்ல இருந்து போட்டோ எடுக்க வழி இருக்கா? பேக்கப் இல்லை

திருவொற்றியூர்_வாசகி:
அம்மாவோட ஆண்ட்ராய்டு 12 போன் மாடிப்படியில விழுந்து டிஸ்ப்ளே முழுக்கக் கருப்பாயிடுச்சு. டச்சும் இல்லை. கால் வந்தா ரிங் அடிக்குது. பின் நம்பர் தெரியும். கம்ப்யூட்டர்ல கேபிள் போட்டா போன் பேரு வருது, உள்ளே போனா காலி. பேத்தி போட்டோ, வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜ் எல்லாம் அதுலதான். எம்.சி. ரோடு பக்கம் ஒரு கடையில, "சாஃப்ட்வேர் போட்டா லாக் போயிடும்"னு சொல்றாங்க. கொடுக்கலாமா?

போர்டுவேலை_ராயபுரம்:
கொடுக்காதீங்கக்கா. சாஃப்ட்வேர் போடறதுன்னா ஃபிளாஷ் (சிஸ்டத்தையே புதுசா ஏத்தறது), இல்லேன்னா ஃபேக்டரி ரீசெட். லாக் போகும், கூடவே போட்டோவும் போகும்.

ஆண்ட்ராய்டு 10-லயோ அதுக்கு மேலயோ வெளியான போன்ல எல்லா ஃபைலும் என்கிரிப்ட் ஆகித்தான் (சாவி இல்லாம படிக்க முடியாதபடி மாத்தி) கிடக்கும். திறக்கிற சாவி ரெண்டு பாதி சேர்ந்தது. ஒண்ணு உங்க பின் நம்பர், இன்னொண்ணு ப்ராசசருக்குள்ளேயே இருக்கு, வெளியே வராது. ரீசெட் பண்ணா சாவியே அழிஞ்சிடும், அப்புறம் எந்த ரெக்கவரி சாஃப்ட்வேரும் உதவாது. மெமரி ஐசியை (டேட்டா இருக்கிற சிப்) கழட்டிப் படிக்கிறேன்னு யாராவது சொன்னாலும் நம்பாதீங்க, அது என்கிரிப்ஷன் இல்லாத பழைய போனுக்கான வேலை. "எஃப்ஆர்பி அன்லாக்"னு எழுதி வெச்சிருப்பாங்களே, அது ரீசெட்டுக்கு அப்புறம் கேட்கிற கூகுள் அக்கவுண்ட் பூட்டைத் தாண்டறது மட்டும்தான். டேட்டா வராது.

உங்களுக்குப் பின் நம்பர் தெரியுது, போர்டும் உயிரோட இருக்கு. பாதி கவலை போச்சு. ஃபோல்டர் காலியா தெரியறதே லாக்காலதான். திறந்து, யூஎஸ்பி அறிவிப்புல "ஃபைல் டிரான்ஸ்ஃபர்" கொடுத்தாத்தான் உள்ளே இருக்கறது தெரியும்.

செலவு பண்றதுக்கு முன்னாடி அம்மாவோட ஜிமெயில்ல கூகுள் போட்டோஸைத் திறந்து பாருங்க. பேக்கப் ஆன்ல இருந்ததே பல பேருக்குத் தெரியாது. மெமரி கார்டு போட்டிருந்தா அதைக் கழட்டி கார்டு ரீடர்லயும் பாருங்க.

திருவொற்றியூர்_வாசகி:
ரெண்டும் பார்த்தாச்சு, இல்லை. ஓடிஜி கேபிள்ல (போன்ல மவுஸ், கீபோர்டு மாட்டற கேபிள்) மவுஸ் போட்டா போதுமா?

பெரம்பூர்_டெக்:
படம் தெரிஞ்சு டச் மட்டும் போயிருந்தா மவுஸ் போதும். உங்களுது கருப்பு. கீபோர்டு போட்டு குருட்டாம்போக்கில் பின் நம்பர் அடிச்சுத் திறந்துடலாம், ஆனா "ஃபைல் டிரான்ஸ்ஃபர்" தேர்ந்தெடுக்கறது ரொம்பக் கஷ்டம். தப்பா அடிச்சா காத்திருக்கிற நேரமும் கூடிக்கிட்டே போகும். யூஎஸ்பி டீபக்கிங்கை (கம்ப்யூட்டர்ல இருந்தே போனை இயக்க விடற செட்டிங்) முன்னாடியே ஆன் பண்ணி, அதே கம்ப்யூட்டருக்கு அனுமதியும் கொடுத்திருந்தா கதை வேற. போன் படத்தை டிவியில காட்டற டைப்-சி டூ ஹெச்டிஎம்ஐ கேபிளும் வாங்கிடாதீங்க. விலை கூடின சில மாடல்லதான் அந்தப் போர்ட் வழியா படம் வெளியே வரும்.

போர்டுவேலை_ராயபுரம்:
ஆமா, காம்போ (டிஸ்ப்ளேயும் டச்சும் சேர்ந்த புது செட்) மாட்டறதுதான் வழி. மாடல் நம்பரோட பர்மா பஜார்லயோ ரிச்சி ஸ்ட்ரீட்லயோ கேளுங்க. டேட்டா எடுக்க மட்டும்னா காப்பி காம்போவே போதும். கடையில "ஒட்ட வேணாம், டெஸ்டிங் மட்டும்"னு சொல்லுங்க. பேக் பேனலைச் சூடு காட்டித் திறந்து, முதல்ல பேட்டரி கனெக்டர், அப்புறம் பழைய டிஸ்ப்ளே கனெக்டர், இந்த வரிசையிலதான் கழட்டணும். பேட்டரி மாட்டியிருக்கும்போதே டிஸ்ப்ளேயைப் பிடுங்கினா பேக்லைட் லைன் ஷார்ட் ஆகலாம், ஆச்சுன்னா புது காம்போலயும் வெளிச்சம் வராது. கைரேகை சென்சார் பின்னாடி இருந்தா அதோட ஃபிளெக்ஸ் (மெல்லிய பட்டை கேபிள்) பேனலோட கிழிஞ்சு வரலாம், அதையும் பார்த்துக்கச் சொல்லுங்க. பேட்டரி கழட்டி மாட்டினா போன் ரீஸ்டார்ட் ஆகும், கைரேகையை ஏத்துக்காது, பின் நம்பர்தான் கேட்கும். அதனால நம்பரை உறுதி பண்ணிக்கிட்டுப் போங்க.

நம்ம பக்கம் கடல் காத்து. கனெக்டர்ல பச்சை பூத்திருந்தா 99% ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் தொட்டு, மெல்லிய பிரஷ்ல துடைச்ச பிறகு மாட்டணும்.

பெரம்பூர்_டெக்:
படம் வந்ததும் முதல் வேலை, ஸ்க்ரீன் டைம்அவுட்டை 10 நிமிஷமாக்குங்க. நடுவுல லாக் ஆச்சுன்னா சில போன்ல காப்பி நின்னுடலாம். டிசிஐஎம் ஃபோல்டரை (கேமரா போட்டோ இருக்கிற இடம்) மொத்தமா இழுக்காம கொஞ்சம் கொஞ்சமா எடுங்க, பெரிய ஃபோல்டர்னா கேபிள் வழியா போறது பாதியில தொங்கும். பென்டிரைவ்னா எக்ஸ்ஃபேட்ல ஃபார்மேட் பண்ணுங்க, ஃபேட்32-ல 4 ஜிபிக்கு மேல ஒரு வீடியோ ஏறாது. கான்டாக்ட்ஸைத் தனியா எக்ஸ்போர்ட் பண்ணணும்.

வாட்ஸ்அப் ஃபைல் "ஆண்ட்ராய்டு" ஃபோல்டருக்குள்ள "மீடியா", அதுக்குள்ள "காம்.வாட்ஸ்அப்"ல இருக்கும். வாய்ஸ் மெசேஜும் அங்கதான். "டேட்டாபேசஸ்" ஃபோல்டரை விட்டுடாதீங்க, சாட்டோட பேக்கப் அதுலதான் இருக்கு. மொத்த ஃபோல்டரையும் புதுப் போன்ல அதே இடத்துல வெச்ச பிறகுதான் அங்க வாட்ஸ்அப் இன்ஸ்டால் பண்ணி, அதே நம்பர்ல ரீஸ்டோர் கொடுக்கணும். முந்தினா புதுசா காலியாத்தான் திறக்கும். ரெண்டு பெரிய வீடியோவைக் கம்ப்யூட்டர்ல ஓட்டிப் பார்த்துட்டு அப்புறம் காம்போவைக் கழட்டச் சொல்லுங்க.