வாஷிங்டன் 1 டாலர் (2007): விளிம்பு வழுவழுப்பு, அசலா அரம் போட்டதா?

அமெரிக்க அதிபர் வரிசை டாலரில் ஆண்டும் நாணயச்சாலைக் குறியும் விளிம்பில்தான் இருக்கும். முகப்பு அச்சான பிறகு தனி இயந்திரத்தில் பதிப்பதால், அதில் போகாமலே சில காசுகள் வெளியே வந்துவிட்டன. அப்படியொன்று கைக்கு வந்திருக்கிறது. விளிம்பு எழுத்தை அரத்தால் ராவிவிட்டு, இப்படிப் பிழையான காசு என்று விற்பவர்களும் உண்டு, அதுதான் சந்தேகம்.

எடை 8.1 கிராம், வெர்னியரில் விட்டம் 26.5 மி.மீ.; இரண்டும் சரி. ஆனால் லென்ஸில் விளிம்பின் ஓரிடத்தில் மட்டும் மெல்லிய குறுக்குக் கோடுகள். மூட்டையில் மற்ற காசுகளோடு உரசினால் இப்படி விழுமா, அரத்தின் தடமா? சான்றளிக்கப்பட்ட அசல் வைத்திருப்பவர்கள், பக்கவாட்டு வெளிச்சத்தில் விளிம்பை முழுச்சுற்றும் படமெடுத்துப் போட முடியுமா? ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.