மாலையில் கரகரப்பு கூடுகிறது, ஜிட்டர் மட்டும் ஏன் குறைகிறது?

செம்மண்பாதை (காரைக்குடி) கேட்டது:

வணக்கம். பேச்சு மொழிச் சிகிச்சை முதுநிலை ஆய்வுக்காகக் காரைக்குடி, கானாடுகாத்தான், தேவகோட்டைப் பக்கத்துத் தொடக்கப்பள்ளி ஆசிரியைகளின் குரலைக் காலை முதல் மணிக்கு முன்பும் மாலை கடைசி மணிக்குப் பின்பும் பதிகிறேன். ‘ஆ’ என்று 5 நொடி, மூன்று தடவை. பிறகு ஒரு பத்தி வாசிப்பு. ப்ராட் மென்பொருளில் ஜிட்டர், ஷிம்மர் இரண்டையும் எடுக்கிறேன். குரலின் அதிர்வு எவ்வளவு தள்ளாடுகிறது என்று காட்டும் எண்கள் அவை.

இரண்டு இடத்தில் மாட்டிக்கொண்டேன். மாலையில் குரல் கம்மிப்போயிருப்பது காதுக்கே தெரிகிறது. “தொண்டை கட்டிக்கிச்சு” என்று அவர்களே சொல்கிறார்கள். ஆனால் ஜிட்டரும் ஷிம்மரும் காலையைவிடக் குறைவாக வருகின்றன. எண்ணை நம்பினால் பாடம் நடத்த நடத்தக் குரல் தேறுகிறது என்றுதான் எழுத வேண்டும். அடுத்தது, பள்ளியில் இடமில்லாத நாள்களில் பக்கத்து வளவு வீட்டுப் பட்டாலையில் (செட்டிநாட்டு வீட்டின் பெரிய கூடம்) வைத்துப் பதிந்தேன். அங்கே அதே ஆளுக்கு, அதே நேரத்தில், ஷிம்மர் எகிறுகிறது. மைக் மேசைமேல் இருந்தது. வாயிலிருந்து சுமார் 30 செ.மீ. எங்கே தப்பு?

ஒன்றரைக்கட்டை (மதுரை):

எண்ணில் பொய் இல்லை தம்பி. நீங்கள் கேட்காத கேள்விக்கு அது பதில் சொல்கிறது, அவ்வளவுதான்.

நாளெல்லாம் பிள்ளைகளோடு மல்லுக்கட்டிய குரல் மாலையில் கொஞ்சம் ஏறிப்போயும் ஓங்கியும் வரும். குரல்நாண்களுக்குக் கீழே காற்றழுத்தம் கூடினால் அவை வீச்சோடு அதிர்ந்து இறுக மூடும். ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் வேறுபாடு குறையும். ஜிட்டர் என்பது சுற்றுகளின் கால அளவில் உள்ள தள்ளாட்டம், ஷிம்மர் என்பது வீச்சில் உள்ள தள்ளாட்டம். தொண்டையில் ஒரு கோளாறும் இல்லாதவரையே மெல்லச் சொல்லச் சொன்னால் இரண்டும் கூடும், ஓங்கிச் சொல்லச் சொன்னால் இரண்டும் குறையும். காலையில் தூக்கக் கலக்கத்தோடு சொன்ன ‘ஆ’வையும் மாலையில் வகுப்புச் சூட்டோடு சொன்ன ‘ஆ’வையும் ஒப்பிட்டால், நீங்கள் ஒப்பிடுவது ஒலியளவைத்தான்.

இனிமேல் ஒவ்வொரு தடவையும் இரண்டு விதமாகப் பதியுங்கள். முதலில் அவர்களுக்கு வசதிப்பட்ட சுருதியில், வசதிப்பட்ட அளவில். மாலையில் குரல் எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதே ஒரு முடிவு, அதைத் தொலைக்கக் கூடாது. அடுத்து, காலையில் பிடித்த அதே சுருதியைச் சுருதிப்பெட்டியில் வைத்து, ஒலியளவு மானியைப் பார்த்துக்கொண்டே, காலை அளவுக்கு 2, 3 டெசிபெல் முன்பின்னுக்குள் ஒரு ‘ஆ’. ஜிட்டர், ஷிம்மர் ஒப்பீட்டை இந்த இரண்டாவதில் மட்டும் செய்யுங்கள். தொடக்கத்தில் அரை நொடியையும் முடிவில் அரை நொடியையும் வெட்டிவிட்டு நடுப்பகுதியை எடுக்க வேண்டும். குரல் எழும்பும் இடமும் அடங்கும் இடமும் யாருக்கும் ஆடும்.

இன்னொன்று. குரல் ஆய்வாளர் இங்கோ டிட்சே 1995-இல் குரல் ஒலியை மூன்று வகையாகப் பிரிக்கச் சொன்னார். ஒழுங்காகத் திரும்பத் திரும்ப வருவது முதல் வகை. நடுவே இரட்டிப்பு, துணை அதிர்வு தட்டுவது இரண்டாம் வகை. ஒழுங்கே இல்லாதது மூன்றாம் வகை. ஜிட்டர், ஷிம்மர் முதல் வகைக்கு மட்டும்தான் பொருள் தரும். எனவே எண்ணைப் பார்க்கும் முன் குறுகிய பட்டை ஸ்பெக்ட்ரோகிராமை, அதாவது குரலின் அதிர்வெண்களைக் கோடுகளாகக் காட்டும் படத்தை, திறந்து கண்ணால் பாருங்கள். சுருதியின் மடங்குகளான ஹார்மோனிக் கோடுகளுக்கு நடுவே மெல்லிய கோடுகள் முளைத்திருந்தால் அந்தப் பதிவின் ஜிட்டர் அட்டவணைக்கே வரக் கூடாது. ப்ராட் ஏதோ ஒரு எண்ணைக் கொடுக்கத்தான் செய்யும். கேட்டால் கொடுப்பதுதான் அதன் வேலை.

1.04 சதவீத ஜிட்டர், 3.81 சதவீத ஷிம்மர் என்ற எல்லைக்கோட்டைப் பல ஆய்வேடுகளில் பார்க்கலாம். அவை வேறொரு மென்பொருளின் கணக்கு முறைக்குச் சொன்னவை. ப்ராட் எண்ணோடு ஒட்டவைத்து “நோய்க் குரல்” என்று தீர்ப்பு எழுதாதீர்கள்.

கரகரப்புக்கு செப்ஸ்ட்ரல் உச்ச அளவு, அதாவது சி.பி.பி., கூடுதல் கைகொடுக்கும். குரலின் ஒழுங்கு இரைச்சலுக்கு மேல் எவ்வளவு எழுந்து நிற்கிறது என்று காட்டும் எண் அது. அது ஒவ்வொரு சுற்றையும் தனித்தனியாக எண்ணுவதில்லை என்பதால் உடைந்த குரலிலும் தடுமாறாது, வாசிப்புப் பத்தியிலும் எடுக்கலாம். ஆனால் அதுவும் ஒலியளவுக்குக் கட்டுப்பட்டதுதான், ஓங்கினால் ஏறும். ஆக, மானி இல்லாமல் எதுவும் நடக்காது.

முற்றத்துவெயில் (கானாடுகாத்தான்):

பட்டாலை விஷயம் எனக்கு. அறை ஒலியியல்தான் என் பிழைப்பு.

செட்டிநாட்டு வீட்டுச் சுவர், முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுண்ணாம்புப் பூச்சு. தரை ஆத்தங்குடிக் கல், கண்ணாடிமேல் வார்த்தது, முகம் பார்க்கலாம். தூண் மெருகேறிய தேக்கோ கருங்கல்லோ. இதில் எதுவுமே ஒலியை உறிஞ்சாது. 10 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம், 5 மீட்டர் உயரம் என்று ஒரு பட்டாலையை வையுங்கள். கன அளவு 300, மொத்தப் பரப்பு 280 சதுர மீட்டர். உறிஞ்சும் கெழுவை (பட்ட ஒலியில் உறிஞ்சப்படும் பங்கு) தாராளமாக 0.025 என்று வைத்தாலும் உறிஞ்சும் பரப்பு 7 சதுர மீட்டர்தான். சபீன் கணக்குப்படி 0.161 பெருக்கல் 300 வகுத்தல் 7, ஏறத்தாழ 7 நொடி எதிர்முழக்கம், அதாவது ஒலி நின்ற பிறகு அறையில் அது அடங்க ஆகும் நேரம். வளவு முற்றம் பக்கம் 10 சதுர மீட்டர் திறப்பு இருந்தால் அது முழு உறிஞ்சு பரப்பு, 17 ஆகும். அப்போதும் 3 நொடிக்குக் கொஞ்சம்தான் குறைவு. ‘ஆ’வின் ஒவ்வொரு சுற்றின்மேலும் முந்தைய நூற்றுக்கணக்கான சுற்றுகளின் எதிரொலி வந்து உட்காரும். சுருதி இம்மி அசைந்தாலும் அந்த எதிரொலி கூட்டியும் கழித்தும் வீச்சை அலைக்கழிக்கும். நீங்கள் அளந்த ஷிம்மரில் பாதி அந்த அம்மாவுடையது, மீதி ஆத்தங்குடிக் கல்லுடையது.

உள்வீட்டுக்குப் போங்கள். 3 மீட்டருக்கு 3 மீட்டர் அறை, உயரமும் 3 என்றால் கன அளவு 27. இரண்டு இலவம்பஞ்சு மெத்தையைச் சுவரில் சாய்த்து, ஜமக்காளத்தை இரண்டாக மடித்துத் தரையில் போட்டு, கதவில் போர்வை தொங்கவிட்டால் உறிஞ்சும் பரப்பு 6 சதுர மீட்டருக்கு மேல் தேறும். எதிர்முழக்கம் 0.7 நொடிக்குப் பக்கத்தில் வந்துவிடும். மெத்தையை ஒரே சுவரில் அடுக்காமல் ஒன்றையொன்று ஒட்டிய இரண்டு சுவர்களில் வையுங்கள். எதிரெதிரே வெற்றுச் சுவர் ஒரு சோடி விட்டாலே ‘டர்ர்’ என்று அடிக்கும். கை தட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

அதைவிடப் பெரிய ஆதாயம் மைக் தூரத்தில் இருக்கிறது. தலையில் மாட்டும் மைக்கை வாயின் ஓரத்திலிருந்து 4 செ.மீ. தள்ளி, மூச்சுக் காற்று நேரே அடிக்காதபடி 45 பாகை ஒதுக்கி வையுங்கள். 30-இலிருந்து 4-க்கு வந்தால் நேர் ஒலி 17 டெசிபெல் கூடும். எதிரொலி அப்படியேதான் இருக்கும். மேசை மைக்கில் ஆள் சற்றுப் பின்னால் சாய்ந்தாலே அளவு மாறும், உங்கள் காலை–மாலை ஒப்பீடு அங்கேயே கெட்டது.

44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், வேவ் கோப்பு. மடிக்கணினியை மின்னேற்றியிலிருந்து கழற்றி மின்கலத்தில் ஓட்டுங்கள். நம்மூர் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலின் மடங்கு 100, 200. ஆண் குரலும் பெண் குரலும் அதே அக்கம்பக்கத்தில்தான். மின்விசிறியையும் நிறுத்துங்கள். முற்றத்துப் புறாவை நிறுத்த என்னிடம் வழியில்லை.

செம்மண்பாதை:

மிக்க நன்றி ஆச்சி, நன்றி அண்ணே. விட்டுப்போன நாள்களுக்குச் சில ஆசிரியைகளை வாட்ஸாப்பில் குரல் செய்தியாக ‘ஆ’ அனுப்பச் சொல்லலாமா? எஸ்–இஸட் விகிதமும் எடுக்கிறேன், அது எல்லாருக்கும் நல்லபடியாகவே வருகிறது.

ஒன்றரைக்கட்டை:

குரல் செய்தி வேண்டவே வேண்டாம். அது ஒலியைச் சுருக்கி அனுப்புகிறது. அதற்கு முன்பே போன் தானாக அளவைச் சமப்படுத்தி, ‘இரைச்சல்’ என்று நினைத்ததைச் சீவிவிடும். நீங்கள் தேடும் கரகரப்பும் மூச்சொலியும் போனுக்கு இரைச்சல்தான்.

எஸ்–இஸட்: ‘ஸ்ஸ்’ எவ்வளவு நேரம், குரலோடு கூடிய ‘இஸட்’ எவ்வளவு நேரம் என்று வகுப்பது. எக்கல், பூன் இருவரும் 1981-இல் 1.4-க்கு மேல் போனால் குரல்நாண் ஓரத்தில் ஏதோ இருக்கலாம் என்றார்கள். நம்மவர்களுக்குச் சிக்கல் எங்கே என்றால், தமிழில் அந்த ‘இஸட்’ ஒலி கிடையாது. சொல்லச் சொன்னால் முதல் இரண்டு நொடி குரலோடு வரும், அப்புறம் வெறும் ‘ஸ்’ ஆகிவிடும். ‘ஸ்’ஸை ‘ஸ்’ஸால் வகுத்தால் 1 தானே வரும், அதுதான் எல்லாருக்கும் நல்லபடியாக வருகிறது. அவர்கள் விரலைத் தொண்டைச் சங்கின்மேல் வைக்கச் சொல்லுங்கள். அதிர்வு நின்ற நொடியில் கடிகாரத்தை நிறுத்துங்கள். அதிலும் வராதவருக்கு விட்டுவிடுங்கள்.

ஆசிரியைகளின் களைப்புக்கு எனக்குப் பிடித்த சோதனை வேறு. தெரிந்த பாட்டின் ஒரு வரியை, மேல் சுருதியில், தொட்டிலில் தூங்கும் பிள்ளை எழாத அளவு மெல்லப் பாடச் சொல்வது. குரல்நாண் ஓரம் லேசாக வீங்கியிருந்தாலே மெல்லிய மேல்குரல் முதலில் போகும்: எழுத்து தொடங்கும்போது காற்று மட்டும் வரும், ஒரு கணம் கழித்துத்தான் குரல் ஒட்டும். ஓங்கிப் பாடினால் அந்தக் குறை மறைந்துவிடும், அதனால் ஓங்க விடக் கூடாது. பாஸ்டியன் குழு 1990-இல் விவரித்த முறை. செலவே இல்லை. காலையில் எந்தக் கட்டை (சுருதிப் படி) வரை மெல்லப் போனது, மாலையில் எதுவரை போனது என்று எழுதிவைத்தாலே போதும்.

காலைப் பதிவைத் திங்கட்கிழமை வையுங்கள். 2 மணி நேரம் சத்தமாக வாசிக்கவைத்துச் செய்த ஆய்வில், குரல் பெரும்பாலும் 4 முதல் 6 மணி நேரத்தில் மீண்டாலும், முழுக்க மீள 12 முதல் 18 மணி நேரம் ஆனது. மாலை 4 மணிக்கு வகுப்பு முடிந்து, இரவு ஏழரை வரை டியூஷனும் எடுப்பவருக்கு வியாழக்கிழமை காலை என்பது உண்மையான ‘காலை’ அல்ல.

சங்குத்தொண்டை (சிவகங்கை, காது மூக்கு தொண்டை மருத்துவர்):

பதிவு நுட்பமெல்லாம் சரி. ஆனால் யாரை அளக்காமல் நேரே அனுப்ப வேண்டும் என்று எவரும் சொல்லவில்லையே.

கரகரப்பு 4 வாரத்தில் போகவில்லை என்றால் குரல்வளைக்குள் பார்த்தே ஆக வேண்டும். அமெரிக்கக் காது மூக்கு தொண்டைக் கழகத்தின் 2018 வழிகாட்டுதல் அப்படித்தான் சொல்கிறது. 2009-இல் அது 3 மாதமாக இருந்தது. புகை, புகையிலை போட்ட வெற்றிலை, கழுத்துக் கட்டி, சளியில் இரத்தம், விழுங்குவதில் வலி, மூச்சில் இழுப்பொலி, சமீபத்தில் தைராய்டு அறுவை, இவற்றில் ஒன்று இருந்தாலும் 4 வாரம்கூடக் காத்திருக்க வேண்டாம். தைராய்டு அறுவைக்குப் பின் பேச்சு சரியாக இருந்து மேல் சுருதி மட்டும் போயிருந்தால், மேல் குரல்வளை நரம்பின் வெளிக்கிளை அடிபட்டிருக்கலாம். கண்ணாடியில் பார்த்தால் நாண்கள் இரண்டும் அசையும், “எல்லாம் நார்மல்” என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

நம்மூரில் எல்லாக் கரகரப்புக்கும் காரம்தான் காரணம் என்று சொல்லி, உள்ளே பார்க்காமலே அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை எழுதிக்கொடுப்பது ஒரு பழக்கம். அதே வழிகாட்டுதல் அதையும் வேண்டாம் என்கிறது. காரக்குழம்பைவிட, சாப்பிட்ட கையோடு படுப்பதுதான் பலருக்குச் சங்கதி. ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு இன்ஹேலர் எடுப்பவரா என்று உங்கள் படிவத்தில் ஒரு வரி சேருங்கள். வாய் கொப்பளிக்காவிட்டால் பூஞ்சை படியும், கரகரப்பும் வரும்.

ஆசிரியைகளிடம் அடிக்கடி பார்ப்பது நாண் கரணை, அதாவது நாண் ஓரத்தில் காய்ப்புபோல் தடித்த சிறு புடைப்பு: இரண்டு பக்கமும், முன் மூன்றில் ஒரு பங்கும் நடுப்பங்கும் சேரும் இடத்தில். நாண்கள் பலமாக மோதும் இடம் அது. பெண் குரலுக்கு 220 ஹெர்ட்ஸ் என்று வைத்தால் ஒரு மணி நேரம் நிகரமாகக் குரல் எழும்பினாலே கிட்டத்தட்ட 8 லட்சம் மோதல். 110 ஹெர்ட்ஸ் ஆண் குரலுக்கு அதில் பாதி. ஒரு பக்கம் மட்டும் இருந்தால் பாலிப்பாகவோ நீர்க்கட்டியாகவோ இருக்க வாய்ப்பு அதிகம். வேறுபடுத்த ஸ்ட்ரோபோஸ்கோப் வேண்டும். அதுவும் பல சுற்றுகளிலிருந்து ஒவ்வொரு கணத்தை எடுத்துக் கோத்து மெதுவாக ஓடுவதுபோல் காட்டும் வித்தைதான். குரலே ஒழுங்கில்லாமல் அதிர்ந்தால் படமும் குதறும். மேலே சொன்ன மூன்றாம் வகைக் குரலுக்கு அதிவேகக் கேமராதான்.

பனங்கற்கண்டு, அதிமதுரம், தேன் பற்றி ஆசிரியைகள் கட்டாயம் கேட்பார்கள். சாப்பிடுங்கள், தடையில்லை. விழுங்கும்போது குரல்வளை மூடிக்கொள்வதால் எதுவும் நாணைத் தொடாது, தொட்டால் புரையேறும். எச்சில் ஊறும், தொண்டையைக் காறுவது குறையும், அந்தமட்டில் நன்மை. நீராவி மட்டுமே நேரே நாண்மேல் படும்.

நாலாங்கட்டை (தேவகோட்டை):

டாக்டர் சொன்னதோடு ஒன்று. குரல் போனால் கிசுகிசுத்துப் பாடம் நடத்தச் சொல்லாதீர்கள். 2006-இல் 100 நோயாளிகளை உள்ளே பார்த்தபடி கிசுகிசுக்கச் சொன்ன ஆய்வில் 69 பேருக்கு நாணுக்கு மேலுள்ள தசைகள் இன்னும் இறுகின. 13 பேருக்குக் குறைந்தது, ஆகவே எல்லாருக்கும் கெடுதல் என்றும் சொல்ல முடியாது.

பயிற்சி தருவதாக இருந்தால் குரல் சிகிச்சை வல்லுநர் ஸ்டெம்பிளின் நான்கு படிப் பயிற்சி நம் கட்டைக் கணக்குக்கு அப்படியே பொருந்தும். முதலில் நாலு கட்டையில் ‘ஈ’, முடிந்தமட்டும் நீளமாக. பெண்களுக்கு அது 349 ஹெர்ட்ஸ், ஆண்களுக்கு 175. பிறகு அடியிலிருந்து மேலே ஒரு வழுக்கல், மேலிருந்து அடிக்கு ஒரு வழுக்கல். கடைசியாக 1, 2, 3, 4, 5 கட்டை ஒவ்வொன்றிலும் ‘ஓ’ நீட்டல். எல்லாமே மெல்ல. ஒவ்வொன்றும் இரண்டு தடவை, நாளுக்கு இரண்டு வேளை, 6 முதல் 8 வாரம். பாட்டுப் பழக்கம் உள்ளவர்கள் ஓங்கிக் கார்வை கொடுத்துவிடுவார்கள். அங்கேதான் பயிற்சி கெடும்.

செம்மண்பாதை:

பட்டாலைப் பதிவுகளை எடுத்துவிடுகிறேன். மேசை மைக்கில் பள்ளியில் எடுத்த பழைய பதிவுகளையும் தூக்கிப் போட வேண்டுமா?

முற்றத்துவெயில்:

முழுக்க வேண்டாம். ‘ஆ’வுக்கு முன் உள்ள அமைதியின் அளவையும் ‘ஆ’வின் அளவையும் ப்ராட்டில் பாருங்கள். வித்தியாசம் 30 டெசிபெலுக்குக் குறைந்தவற்றைத் தள்ளுங்கள். மீதியில் அடிப்படை அதிர்வெண்ணை, அதாவது சுருதியை, மட்டும் நம்பலாம். மைக் தூரமோ எதிரொலியோ அதை லேசில் கெடுக்காது. அந்தப் பதிவுகளின் ஜிட்டர், ஷிம்மர் வரிசைகளை அட்டவணையிலிருந்து அழித்துவிடுங்கள்.