மறு: கிரீப் என்பதற்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

அன்பு நண்பர்களுக்கு, பினாங்கிலிருந்து வணக்கம். தொடர்ந்து சுமை தாங்கும் பொருள் நாள்பட மெல்ல வடிவம் மாறுவதை ஆங்கிலத்தில் கிரீப் (creep) என்பார்கள். அதற்குத் தமிழ்ச் சொல்லாக நம் குழுவில் ஐயா ஒருவர் 'ஊர்வு' என்றும், தம்பி ஒருவர் 'சுமையொடுக்கம்' என்றும் சொன்னார்கள்.

குளிர்நாடுகளில் முன்தகைவு கான்கிரீட் உத்தரங்கள் (கம்பியை இழுத்துக் கட்டி முன்கூட்டியே அமுக்கம் ஏற்றியவை) நாள்பட எப்படி மாறுகின்றன என்ற அத்தியாயத்தைத் தமிழில் எழுதும்போது, 'சுருக்கம்' என்ற ஒரே சொல் மூன்று இடங்களில் வந்து நின்றுவிட்டது. மூன்றும் வேறு வேறு. அப்படியே விடக் கூடாது.

30 மீட்டர் உத்தரம், கோடையின் 30 டிகிரியிலிருந்து மைனஸ் 30 டிகிரிக்கு இறங்கினால் ஏறக்குறைய 18 மில்லிமீட்டர் குறுகும்; கோடை திரும்பினால் நீளும். இது குளிர்ச்சுருக்கம். நம் ஊரில் இந்த ஏற்ற இறக்கம் சிறியது என்பதால் கண்ணில் படுவதில்லை. ஈரம் வற்றி வருவது உலர்சுருக்கம். மூன்றாவதுதான் கிரீப். உள்ளே இழுத்துக் கட்டிய கம்பி ஓயாமல் அமுக்க, கான்கிரீட் ஆண்டுக்கணக்கில் விட்டுக்கொடுக்கிறது. அது குறுகக் குறுகக் கம்பியின் இழுப்பும் குறையும். பிரான்சின் பொறியாளர் ஃபிரெய்சினே, தான் கட்டிய வளைவுப் பாலம் தொய்ந்ததைக் கண்டு இதை உணர்ந்தவர். 1928இல் முன்தகைவுக்குக் காப்புரிமை பெற்றார்.

குளிர் கிரீப்பை இரண்டு விதமாகத் தொடுகிறது. குளிர்காலத்தில் அது மந்தமாகும், கோடையில் மறுபடி வேகம் பிடிக்கும். ஆனால் குளிரில் வார்த்த கான்கிரீட் முற்றவும் நாளாகும். இளசாக இருக்கும்போதே கம்பியின் விசையை ஏற்றினால், பின்னால் கிரீப் கூடும். இங்கே வெறுமனே 'சுருக்கம்' என்று எழுதினால் வாசகர் தடுமாறுவார்.

ஐயா சொன்ன 'ஊர்வு' ஏற்கெனவே புழங்குகிறது, தெரியும். ஆனால் ஊர்வது இடம் பெயரும். உத்தரம் இருந்த இடத்திலேயே இருந்து வடிவம் மாறுகிறது. தம்பியின் 'சுமையொடுக்கம்' அழகான சொல். ஆனால் இழுவிசையில் இதே குணம் நீட்சியாக வரும். அங்கே ஒடுக்கம் எப்படிப் பொருந்தும்?

என் பரிந்துரை 'பையத்திரிபு'.

பட்டர்வொர்த்தில் எங்கள் மளிகைக்கடையில் அரிசி மூட்டை அடுக்கிய பலகை ஒன்று இருந்தது. பல வருஷம் கழித்து மூட்டைகளை இறக்கினோம். பலகை கொஞ்சம் எழும்பி, நடுவில் இரண்டு விரல் பள்ளத்தோடு அப்படியே நின்றுவிட்டது. "பையப் பைய வளைஞ்சிருச்சுப்பா" என்றார் அம்மா. கிரீப் பற்றி வகுப்பில் படித்த நாளில் எனக்கு அந்தப் பலகைதான் நினைவுக்கு வந்தது.

'திரிபு', அதாவது விசையால் வரும் வடிவ மாற்றம், பாடநூல்களில் உள்ள சொல்தான். அமுக்கம், இழுப்பு இரண்டுக்கும் பொருந்தும். 'பைய' காலத்தைச் சொல்லிவிடுகிறது. 'பையத்திரிபுக் கெழு' (creep coefficient) என்று நீட்டினாலும் நாக்கு இடறவில்லை. வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்: "குளிர்காலத்தில் பையத்திரிபு மந்தப்படும், கோடையில் தொடரும்."

இழுத்த கம்பி நீளம் மாறாமலே இழுப்பை இழப்பதற்குத் 'தளர்வு' போதும் என்று நினைக்கிறேன். அப்புறம், 'பையத் திரிபு' என்று பிரித்து எழுதலாமா, சேர்த்தே எழுதலாமா? இலக்கணம் தெரிந்தவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் சொன்னால் அத்தியாயத்தில் மாற்றிவிடுவேன்.