எழுத்தும் (கல்யாணப் பதிவும்) இல்லை, தாலியும் இல்லை: கனடா வரி ரிட்டர்னில் ‘சிங்கிள்’ என்று போடலாமா?

கேள்வி – பிராம்டன்_பிள்ளை

எல்லாருக்கும் வணக்கம். 2024 மார்ச் 15 இல் நானும் என் காதலரும் ஒரே அப்பார்ட்மெண்டில் குடியேறினோம். வாடகைப் பத்திரத்தில் இரண்டு பேருடைய பெயரும் இருக்கிறது. கல்யாணம் இன்னும் ஆகவில்லை. வங்கிக் கணக்கும் தனித்தனி. எனக்கு வருடம் 52,000 டொலர் சம்பளம். அவர் கொலிஜில் படிக்கிறார், பகுதி நேர வேலையில் 2025 இல் 9,000 வந்தது, அவ்வளவுதான்.

2024 ரிட்டர்னில் இருவரும் சிங்கிள் என்றுதான் போட்டோம். இப்போது 2025 க்கு என்ன போடுவது? கல்யாணம் ஆகாதவரை சிங்கிள்தானே என்கிறார் அவர். எனக்கு மனது கேட்கவில்லை.

பதில் – வடலி

கணக்குத் தனித்தனி என்றால் சிங்கிள்தான் தங்கச்சி. யோசிக்க வேண்டாம்.

பதில் – ஸ்காபரோ_அக்கா

வடலி தம்பி, இது பிழை. இதே வார்த்தையை நம்பித்தான் நான் இரண்டு வருடம் பிழையாக ஃபைல் பண்ணினேன்.

தங்கச்சி, கனடாவில் வரிக்கு எழுத்து இல்லை என்பதோ, வங்கிக் கணக்குத் தனித்தனி என்பதோ முடிவல்ல. கணவன் மனைவி போல 12 மாதம் தொடர்ந்து ஒன்றாக இருந்தால் ‘கொமன் லோ’, அதாவது எழுத்து இல்லாத துணைவர்கள். இருவருக்கும் ஒரு பிள்ளை இருந்தால் அந்த 12 மாதமும் தேவையில்லை. ரிட்டர்னில் கேட்பது டிசம்பர் 31 அன்று நீங்கள் இருந்த நிலை. உங்களுக்கு 2025 மார்ச் நடுவில் 12 மாதம் முடிந்துவிட்டது. ஆகவே 2024 க்கு சிங்கிள் போட்டது சரி, 2025 க்குக் கொமன் லோ.

பயப்படாதீர்கள், இங்கே சேர்ந்து ஒரே ரிட்டர்ன் போடும் முறை கிடையாது. ஆளுக்கொரு ரிட்டர்ன்தான். ஆனால் உங்களுடையதில் அவருடைய சின் நம்பரும் (சமூகக் காப்புறுதி எண்) நிகர வருமானமும் போக வேண்டும், அவருடையதில் உங்களுடையது.

உங்களுக்கு இதில் லாபமும் இருக்கிறது. ரிட்டர்னில் 30300 ஆவது லைனைப் பாருங்கள், அது வருமானம் குறைந்த துணைக்காக உங்களுக்குக் கிடைக்கும் வரிச்சலுகை. 2025 க்கு அடிப்படைத் தொகை 16,129 டொலர். அவருடைய நிகர வருமானம் 9,000 என்றால் மிச்சம் 7,129. அதில் 14.5 வீதம், அதாவது 1,030 டொலருக்குக் கிட்ட உங்கள் ஃபெடரல் வரியில் குறையும். ஒன்ராறியோ மாகாண வரியிலும் இதுபோல ஒன்று தனியாக உண்டு. அவருக்கு வரியே வராததால் 2025 க்கான கொலிஜ் கட்டணத்தில் 5,000 வரை உங்கள் பெயருக்கு மாற்றலாம்.

இழப்பு எங்கே என்றால் ஜிஎஸ்டி கிரெடிட்டில், அதாவது வருமானம் குறைந்தவர்களுக்கு அரசாங்கம் தரும் காசில். அது குடும்ப வருமானத்தை வைத்துக் கணக்கிடுவது, இருவரில் ஒருவருக்குத்தான் வரும். ஒன்ராறியோ தரும் டிரில்லியம் உதவித்தொகையும் அப்படித்தான். என் கதையும் அங்கேதான் கெட்டது. ரிட்டர்ன் செய்து தந்தவர் ‘கல்யாணம் ஆகிவிட்டதா?’ என்று மட்டும் கேட்டார், நான் இல்லை என்றேன். மூன்றாவது வருடம் வரி அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. வாடகைப் பத்திரம், ஹைட்ரோ (கரண்ட்) பில், கார் காப்புறுதி எல்லாம் அனுப்பச் சொன்னார்கள். குசினி மேசையில் அவற்றைப் பரப்பிவைத்துப் பார்த்தால் ஒவ்வொன்றிலும் ஒரே விலாசம், பக்கத்தில் பக்கத்தில் எங்கள் இருவருடைய பெயர். அதற்குப் பிறகு என்ன சொல்ல முடியும்? இருவருக்கும் வந்த காசில் கிட்டத்தட்ட 1,400 டொலர் திருப்பிக் கட்டினோம். அந்தக் குளிர்காலம் முழுவதும் மாதம் 100 ஆகக் கட்டியது இன்னும் நினைவிருக்கிறது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நிலை மாறினால் அடுத்த மாதம் முடிவதற்குள் அறிவிக்க வேண்டும். உங்களுக்கு அது 2025 ஏப்ரல் கடைசி. பிந்திவிட்டது, பரவாயில்லை, இன்றைக்கே வரி அலுவலகத்தின் இணையக் கணக்கான மை அக்கவுண்டில் மாற்றுங்கள், அல்லது நிலை மாற்றத்துக்கான ஆர்சி65 படிவம் அனுப்புங்கள். கூடுதலாக வந்த காசைக் கேட்பார்கள். தள்ளிப்போடப் போட அது கூடும்.

பதில் – நயாகரா_வாசி

அக்கா சொன்னது முழுக்கச் சரி. ஒன்று சேர்க்கிறேன். சண்டை பிடித்து இரண்டு கிழமை அம்மா வீட்டில் இருந்தால் ‘பிரிந்துவிட்டோம்’ என்று போட முடியாது. உறவு முறிந்து 90 நாள் தொடர்ந்து தனியாக இருந்தால்தான் பிரிவு. வேலைக்காக ஒருவர் வேறு நகரத்தில் இருந்தாலும் உறவு தொடர்ந்தால் கொமன் லோதான். மற்றபடி, வாடகையைப் பகிரும் ரூம்மேட் இதில் சேரமாட்டார்.

பிராம்டன்_பிள்ளை

மிக்க நன்றி அக்கா, அண்ணா. இன்றிரவு அவரோடு இருந்து வடிவாகக் கதைக்கிறேன். ஒரு கேள்வி: இன்னும் எங்கள் வீட்டில் சொல்லவில்லை. இதைப் போட்டால் அப்பா அம்மாவுக்குக் கடிதம் ஏதாவது போகுமா?

ஸ்காபரோ_அக்கா

போகாது அம்மா. உங்கள் வரி விபரம் உங்களுக்கு மட்டும்தான். ஆனால் மை அக்கவுண்டில் உங்கள் விலாசம் இப்போதைய அப்பார்ட்மெண்டுக்கு மாறியிருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். பழைய விலாசம் இருந்தால் கடிதம் அப்பா வீட்டுப் பெட்டிக்குள்தான் போய் விழும்.

பிராம்டன்_பிள்ளை

ஐயோ, பழைய விலாசம்தான் இருக்கிறது. இப்பவே மாற்றுகிறேன்.