ஏரியில் வேலிகாத்தான்: சித்திரையில் எடுப்பதா, தை மாசியில் எடுப்பதா?

கணியம்பாடி பக்கம்:
எங்கள் ஊர் ஏரியில் பாதிக்கு மேல் வேலிகாத்தான், அதாவது சீமைக் கருவேலம். மதகு வரைக்கும் முள் அடைத்து, தண்ணீர் இருக்கிற வருஷம்கூட வாய்க்காலில் ஒழுங்காக வருவதில்லை. சித்திரையில் ஏரி காய்ந்து கிடக்கும்போது ஜேசிபி இறக்கி மொத்தமாக எடுத்துவிடலாம் என்று பசங்க சேர்ந்து பணம் திரட்டிக்கொண்டிருக்கிறோம். நம்ம பக்கம் ஆடி ஆவணியிலேயே மழை வந்துவிடும், அப்புறம் ஐப்பசி கார்த்திகை மழை, ஏரிக்குள் வண்டி இறங்கவே இறங்காது. ஆனால் ஊரில் பெரியவர்கள் சிலர் சித்திரையில் வேண்டாம் என்கிறார்கள். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஆயக்கட்டு விவசாயி:
அந்தப் பெரியவர்கள் சொல்வதுதான் சரி தம்பி. சித்திரை வைகாசியில்தான் அது மஞ்சளாகக் காய் பழுத்துக் கொட்டுகிற காலம். அந்த நேரத்தில் வண்டியை விட்டுப் புரட்டினால் கீழே கிடக்கிற நெற்று எல்லாம் மண்ணுக்குள் போய், அடுத்த மழைக்கு நாற்றங்கால் மாதிரி முளைக்கும். இன்னொன்று, அக்னி நட்சத்திர வெயிலில் ஏரி மண் இறுகிக் கிடக்கும். பக்கெட்டால் இழுத்தால் மரம் வராது, கழுத்தோடு முறியும். இந்த மரத்துக்குத் துளிர் விடுகிற இடமே மண்ணுக்கு அடியில் ஒரு சாண் வரைக்கும் இருக்கிறது. அது உள்ளே தங்கினால் ஒரு மரம் இருந்த இடத்தில் பத்துக் கிளை எழும்பும். எங்கள் ஊர் ஏரியில் விறகுக்கு ஏலம் எடுத்த ஒரு காண்ட்ராக்டர் மேலாக அறுத்துக்கொண்டு போய்விட்டார், இப்போது ஆடுகூட நுழைய முடியாது. தை மாசியில் தண்ணீர் வற்ற வற்ற, ஓரத்திலிருந்து ஈர மண்ணில் கடப்பாரை போட்டு எடுங்கள். காய் பிடிக்கும் முன்னே வேலை முடியும்.

கணியம்பாடி பக்கம்:
அண்ணா, தை மாசியில் அறுவடை. ஆள் எங்கே கிடைக்கும்? ஏரி நடுவில் அப்போதும் தண்ணீர் நிற்கும், மரம் அடர்த்தியாக இருப்பதே அங்கேதான். முறிகிறது என்பது ஓட்டுநர் கையைப் பொறுத்தது. சுற்றி ஓர் அடி ஆழத்துக்கு முதலில் பறித்துவிட்டு, அப்புறம் தூரோடு தூக்கினால் வரும், பக்கத்து ஊரில் அப்படி எடுத்ததை நேரில் பார்த்தேன். 2021 நவம்பரில் பாலாறு வெள்ளமாக எப்படிப் போனது என்று எல்லோரும் பார்த்தோம். அந்த மாதிரி ஒரு வருஷம் மறுபடி வரும்போது ஏரிக்குள் முள் நிற்பதற்குப் பதில் தண்ணீர் நிற்கட்டும். ஒவ்வொரு வருஷமும் தள்ளிக்கொண்டே போனால் கடைசியில் ஏரியே இருக்காது.

ஆற்காடு அக்கா:
நான் இரண்டு பேரிடமும் கேட்கிறேன், வெட்டின மரம் யாருக்கு? எங்கள் தெருவில் பாதி வீட்டில் இன்னும் அந்த விறகில்தான் அடுப்பு எரிகிறது. சிலிண்டர் இருந்தாலும் வெந்நீருக்கும் நெல் அவிக்கவும் முள் விறகுதான். ஐம்பது அறுபது வருஷத்துக்கு முன்னால் இதை ஊரெல்லாம் பரப்பினதே விறகுக்கும் வேலிக்கும்தான். ராமநாதபுரத்தில் எத்தனையோ குடும்பம் இதில் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கிறது. ஏரிக்குள் இருப்பதை எடுங்கள், நான் தடுக்கவில்லை. ஆனால் லாரியில் ஏற்றி வெளியூர் அனுப்பிவிட்டு, சுள்ளி பொறுக்குகிற பெண்களை விரட்டாதீர்கள். இன்னொன்று, இந்த மரம் காற்றில் இருக்கிற ஈரத்தையே உறிஞ்சும், மாடு மலடாகும் என்று வாட்சப்பில் வருவதைச் சொல்லிப் பணம் திரட்டாதீர்கள். அதற்கெல்லாம் ஆதாரம் கிடையாது. வேர் ஆழமாகப் போகும், மற்ற செடியை அண்ட விடாது, ஏரியின் கொள்ளளவைக் குறைக்கும், இதுவே போதுமான காரணம்.

மரம் பார்ப்பவன்:
அக்கா சொன்னது முக்கியம். நான் கவலைப்படுவது வேறு. வண்டி இறங்கினால் நாட்டுக் கருவேலமும் சேர்ந்து போய்விடும். வனத்துறை ஒரு காலத்தில் எத்தனையோ ஏரியில் நட்டு வைத்த மரம் அது, தண்ணீரில் நின்றாலும் சாகாது, கொக்கும் நாரையும் கூடு கட்டும். பூவைப் பாருங்கள்: நாட்டுக் கருவேலத்துக்கு மஞ்சள் உருண்டைப் பூ, சீமைக்கு விரல் நீளத்துக்குத் தொங்குகிற பூ. காய் நாட்டு மரத்தில் மணி கோத்த மாதிரி இடையிடையே ஒடுங்கி இருக்கும். ஓட்டுநருக்கு இதெல்லாம் தெரியாது, அதனால் முன்னாடியே நாட்டு மரத்துக்கு வெள்ளைச் சாயம் அடித்து வையுங்கள். 2017-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சீமைக் கருவேலத்தை எல்லா இடத்திலும் அகற்றச் சொன்னது, அதே வருஷம் சென்னையில் இடைக்காலத் தடையும் வந்தது. 2022-ல் அந்நியத் தாவரங்களுக்கென்று மாநில அரசு கொள்கையே வெளியிட்டது. அகற்றிய இடத்தில் நம் மரத்தை மீட்க வேண்டும் என்பது அதில் இருக்கிறது. அப்புறம், கிளறின கரையில் முதல் மழைக்கே பார்த்தீனியம் என்கிற களை வரும். ஒரு செடி ஆயிரக்கணக்கில் விதை போடும், பூக்கும் முன்னே கையுறை போட்டுப் பிடுங்க வேண்டும், வெறுங்கையில் தொட்டால் தோலெல்லாம் அரிக்கும்.

ஆயக்கட்டு விவசாயி:
நடுவில் தண்ணீர் நிற்கும் என்பதை ஒத்துக்கொள்கிறேன், அங்கே சித்திரையில் வண்டி விடுங்கள். ஆனால் ஓரம் முழுக்க மாசிக்குள் கையால்தான். ஆள் இல்லை என்பது காரணமே இல்லை, நூறு நாள் வேலையில் இதைச் சேர்க்க ஊராட்சியில் கேளுங்கள், அதில் எப்படியும் இயந்திரம் விட முடியாது. மூன்று வருஷமாவது தொடர்ந்து முளைத்த கன்றைப் பிடுங்க ஆள் இல்லாமல் ஜேசிபிக்குப் பணம் கட்டினால் அந்தப் பணம் வீண், இதில் நான் இறங்கி வர மாட்டேன். முழங்கால் உயரக் கன்று ஈர மண்ணில் கையோடு வரும், விட்டுவிட்டால் மறுபடி வண்டிதான்.

கணியம்பாடி பக்கம்:
கன்று பிடுங்கப் பசங்க வருவார்கள், அதை எழுதி வாங்கிக்கொள்கிறேன். ஆனால் இந்த வருஷம் மாசி போய்விட்டது அண்ணா, அதற்காகச் சும்மா இருக்க மாட்டேன். நெற்று விழுந்த இடத்தை முதலில் கூட்டி அள்ளிவிட்டு அப்புறம் வண்டி விடுகிறோம். விறகை ஊரிலேயே பிரித்துக் கொடுக்கிறோம் அக்கா.

ஆற்காடு அக்கா:
அள்ளின நெற்றை எங்கே கொட்டுவீர்கள்? ஆடு தின்றால் புழுக்கையில் விதை அப்படியே வரும், ஊர் முழுக்க முளைக்கும். ஆட்டுக்காரர்களிடம் முதலில் பேசுங்கள், அவர்களுக்குக் கோடையில் அதுதான் தீனி.