புதுப்பிப்பு: பாசிக் குளத்தில் குதித்த என் நாய்

பச்சை பெயின்ட் கொட்டியது போலிருந்த குளத்தில் நாய் குதித்துவிட்டது, என்ன செய்வது என்று நேற்று கேட்டிருந்தேனே, அதன் தொடர்ச்சி இது. இப்போதைக்கு ஆள் நலம். உடனே நல்ல தண்ணீரில் அலசிவிட்டது நல்லதாயிற்று என்றார் கால்நடை மருத்துவர். குளத்துத் தண்ணீரைக் குடிக்காவிட்டாலும், ரோமத்தில் ஒட்டியதை நக்கினாலே நஞ்சு உள்ளே போய்விடுமாம்.

பாசி என்கிறோமே தவிர, அது சயனோபாக்டீரியா என்ற ஒருவகை பாக்டீரியா. அதன் நஞ்சுகளில் அனடாக்சின் நரம்பைத் தாக்கும். சில நிமிடங்களிலேயே வலிப்பு வரலாம். மைக்ரோசிஸ்டின் கல்லீரலைக் கெடுக்கும். முறிமருந்து கிடையாது. கல்லீரல் பாதிப்பு தாமதமாகவும் தெரியலாம் என்பதால் நாளை மறுபடி ரத்தப் பரிசோதனை.

உப்பு கொடுத்து வாந்தி எடுக்க வைக்கச் சொன்னவர்களுக்கு: நல்லவேளை, செய்யவில்லை. அந்த உப்பே நாய்க்கு நஞ்சாகலாமாம். அப்புறம், தண்ணீரைக் கொதிக்க வைத்தாலும் இந்த நஞ்சு போகாது.