திருச்சி கே.கே.நகரில் பழைய வீடு: எவ்வளவுக்குக் கேட்கலாம்?

வணக்கம். திருச்சி கே.கே.நகரில் ஒரு வீடு பார்த்திருக்கிறோம். விலை சொல்வதில்தான் முடிவெடுக்க முடியாமல் நிற்கிறோம்.

மனை 1,200 சதுர அடி, கிழக்குப் பார்த்தது. 1998-இல் கட்டிய தரைத்தளம் 850 சதுர அடி. உரிமையாளர் 85 லட்சம் கேட்கிறார். ஆறு மாதமாக விற்காமல் இருக்கிறது.

வில்லங்கச் சான்றில் சிக்கல் இல்லை, பட்டாவும் அவர் பெயரில்தான். பதிவுக்காக அரசு நிர்ணயித்திருக்கும் வழிகாட்டி மதிப்பைப் பார்த்தேன், ஆனால் அந்தத் தெருவில் நடக்கும் விலை அதைவிட அதிகம். பக்கத்தில் காலி மனை சதுர அடி 5,000 வரை போனதாகச் சொல்கிறார்கள். தரகர்கள் ஆளுக்கொரு விலை சொல்கிறார்கள், அதை நம்பி இறங்க மனம் வரவில்லை.

எங்களை யோசிக்க வைப்பது கட்டடம்தான். போர்ட்டிகோ கூரையில் காரை பெயர்ந்து துருப்பிடித்த கம்பி தெரிகிறது, சமையலறைச் சுவரில் ஓதம். கூரையைச் சரிசெய்யவே 4 லட்சம் ஆகும் என்றார் பொறியாளர். அப்புறம் முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் வேறு.

மனைக்கு 60, கட்டடத்துக்கு 10 என்று 70 லட்சம் என் கணக்கு. பேரத்தை 66-இல் தொடங்கலாமா, அல்லது நேராக 70 சொல்லிவிடலாமா?